பிள்ளைகளே படம் எடுக்கட்டும்: புதிய ஆசிரியர்களுக்குச் சில அறிவுரைகள்

தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு,

2018இல் நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகி வந்தது. மறு ஆண்டே கல்வித் தொலைக்காட்சி வந்தது. இப்போது பல வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டும் ஆசிரியர் கையில் டேப்லெட்டும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இவ்வளவு வசதி எங்கள் காலத்தில் கிடையாது. இனி நீங்கள் எடுத்துவைக்க வேண்டிய அடி, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் செய்ய வைப்பது. பாடத்தைத் தன் குரலில், தன் படத்தில் பிறருக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை அதைத் தனக்கே ஒருமுறை விளக்கிக்கொள்கிறது. அதற்காகச் சில வார்த்தைகள்.

1. குரலில் தொடங்குங்கள். வீடியோ பிறகு வரட்டும். போனில் இருக்கும் ஒலிப்பதிவு வசதியே போதும். பாடநூலில் ஒரு பத்தி, அரை நிமிட வாசிப்பு. தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை முதலில் வெட்கப்படும், பிறகு கூர்ந்து கேட்கும். ‘பழம்’ என்பது ‘பளம்’ என்று விழுந்திருப்பதை நீங்கள் சொல்லித் திருத்த வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே, “சார், இன்னொரு தடவை” என்று கேட்பார்கள். ஐந்து முறை சலிக்காமல் வாசிக்கவைக்க வேறு எந்த வழியும் எனக்குத் தெரியாது.

2. பதிவின் நுணுக்கங்களைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே கன்னத்துப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் மூச்சு மோதும். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதையெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும்.

3. பாடம் முதலில், கருவி பிறகு. “இன்று வீடியோ எடுக்கலாம்” என்று வகுப்பைத் தொடங்காதீர்கள். எந்தக் கற்றல் விளைவுக்காக என்று உங்கள் பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால் அன்றைக்குக் கரும்பலகையே போதும்.

4. கேமராவைத் தொடும் முன் தாளில் வேலை நடக்கட்டும். ஒரு தாளை ஆறு கட்டமாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படமும் ஒரு வாக்கியமும் எழுதச் சொல்லுங்கள். எது முதலில், எது பிறகு, எதை விடலாம் என்று பிள்ளைகள் வாதாடும் அந்த அரை மணி நேரத்தில்தான் பாடம் நடக்கிறது. படமெடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

5. ஒரு பயறை வைத்துத் தொடங்குங்கள். ஞாயிறு இரவு பாசிப்பயறை ஊறவைத்து, திங்களன்று ஒரு கண்ணாடி டம்ளரின் ஓரத்தில் ஈரப்பஞ்சோடு வையுங்கள். காலை வழிபாடு முடிந்ததும் ஒன்று, மதிய உணவுக்கு முன் ஒன்று, கடைசி மணிக்கு முன் ஒன்று என்று நாளுக்கு மூன்று படம். டம்ளரும் போன் சாயும் செங்கல்லும் நகராதிருக்க மேசையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். வெள்ளி மாலை கையில் பதினைந்து படம் இருக்கும். நொடிக்கு மூன்று படம் ஓடினால் எத்தனை நொடி? நான்காம் வகுப்பின் வகுத்தல் கணக்கு அது. தொடங்கும் முன்பே, பயறிலிருந்து முதலில் எது வெளியே வரும் என்று ஒவ்வொருவரையும் வரையச் சொல்லுங்கள். பலர் இலையை வரைவார்கள். படத்தில் வேர் முதலில் நீளுவதைக் கண்டதும், “ஏன் சார்?” என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். வேர் உறிஞ்சும் தண்ணீரைப் பற்றி அப்போது பேசுங்கள்.

6. குழுவுக்கு நான்கு பேர் போதும்: எழுத ஒருவர், வரைய ஒருவர், பேச ஒருவர், படமெடுக்க ஒருவர். அடுத்த முறை வேலையை மாற்றுங்கள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் ‘அரும்பு’ என்ற தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை எழுதத் திணறலாம். ஆனால் கதையைக் கோவையாகச் சொல்லிவிடும். முதலில் அது பேசட்டும். தான் பேசியதை அடுத்த வாரம் இரண்டு வரியில் எழுதிப் பார்க்கட்டும். கூச்சப்படும் பிள்ளையை முகம் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். படத்துக்குப் பின்னால் வெறும் குரலாக இருக்கும் இடம் அதற்குப் பெரிய தைரியம் தரும்.

7. அலங்காரத்தைக் குறையுங்கள். பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் சத்தமும் சேரும்போது கற்பவர் உள்வாங்குவது குறைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சினிமாப் பாட்டு வேண்டாம். அது பிறர் உரிமையும்கூட. ஒலி வேண்டுமென்றால் பிள்ளைகளின் கைதட்டல், பானைத் தாளம், பள்ளி மணி எல்லாம் இருக்கின்றன.

8. கருவி குறைவு என்று காத்திருக்காதீர்கள். ஒரு போன் இருந்தால் ஒரு குழு பதிவு செய்யட்டும், மற்றவை எழுதட்டும், வரையட்டும். கணினி இருந்தால் டக்ஸ் பெயிண்ட் என்ற இலவச ஓவிய மென்பொருள் இணையமின்றி ஓடும். டேப்லெட் இருந்தால் 2014இல் வெளியான ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி இருக்கிறது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகப் படக்குறிகளாலேயே அமைந்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கதாபாத்திரத்தை நடக்கவைக்கலாம்.

9. பிள்ளையின் முகம் உங்கள் சொத்து இல்லை. பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பெயரையும் முகத்தையும் சேர்த்து வெளியிடாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஆசையை அடக்குங்கள். கைகளும் ஓவியமும் குரலும் இருந்தால் அருமையான படம் வந்துவிடும்.

10. மதிப்பிடும்போது படத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஜூனில் வாசித்த அதே பத்தியை நவம்பரில் மீண்டும் பதிவுசெய்து, இரண்டையும் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளையின் முன்னேற்றம் காதில் விழும். எந்த மதிப்பெண் பட்டியலாலும் அவரிடம் அப்படிப் பேச முடியாது.

இத்தனையையும் ஒரே பருவத்தில் செய்து முடிக்க நினைக்காதீர்கள். வரும் வாரம் ஒரு பாடவேளை, ஒரு பத்தி, அரை நிமிடப் பதிவு போதும். அதைக் கேட்டபின் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். உங்கள் அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.