முதல் பொம்மையை விற்காதே

கண்ணு, பிள்ளைக்காகப் பழைய நூல்புடவையில் நீ தைத்த யானையை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்கிறார்களாமே. மூன்று ஷிஃப்டு ஓடுகிற கும்மிடிப்பூண்டியில் ஒற்றைத் தையல் மெஷினை நம்பி இறங்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். காக்களூர் சிட்கோவில் பாதி ஆயுசைக் கழித்தவள், உன் பெரியம்மா சொல்கிறேன்.

1. முதல் யானையை விற்காதே. அது பிள்ளையிடமே இருக்கட்டும். எதைப் பிடித்து இழுக்கிறாள், எதை வாயில் வைக்கிறாள், எந்தத் தையல் முதலில் விடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார். உன் முதலாளி அவள்தான்.

2. அவசரப்படாதே. ஜெர்மனியில் கேட்டே குரூசே என்று ஒருத்தி, முன்னாள் நாடக நடிகை. 1905இல் மகள் மரியா பொம்மை கேட்டாள். குழந்தையின் அப்பா சிற்பி, கடைப் பொம்மை என்றாலே அவருக்கு ஆகாது. நீயே செய்து கொடு என்றுவிட்டார். துண்டில் மணலை நிரப்பி, தலைக்கு ஓர் உருளைக்கிழங்கை வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பிள்ளைக்கு அது உயிர். ஆனால் உருளைக்கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? துணியை மாற்றி, திணிப்பை மாற்றி, தலையை மாற்றி வருஷக்கணக்கில் செய்துகொண்டே இருந்தாள். 1910இல் பெர்லினில் டீட்ஸ் என்ற பெரிய கடை, வீட்டில் செய்த பொம்மைகளுக்குக் கண்காட்சி வைத்தபோதுதான் வெளியே கொண்டுவந்தாள். அடுத்த வருஷமே அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைக்கு ஆர்டர். கதை சொல்கிறவர்கள் இந்த ஆர்டரைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஐந்து வருஷம்தான் பெரிது.

3. கை பழகும் முன்னே வேலையை வெளியே விடாதே. குரூசேயும் ஒரு பொம்மைத் தொழிற்சாலைக்கு உரிமை கொடுத்துப் பார்த்தாள். வந்தது அவள் பொம்மையாக இல்லை, திரும்ப வாங்கிக்கொண்டாள். 1912இல் பாட் கோசன் என்ற சிற்றூரில் சொந்தப் பட்டறை போட்டாள். உன்னிடமும் சிப்காட்டிலிருந்து யாராவது வருவார், "டிசைனை மட்டும் குடும்மா, மாசம் ஆயிரம் பீஸ் அடிச்சுத் தர்றேன்" என்பார். நல்ல மனுஷராகவே இருப்பார். அவருக்குத் தெரிந்தது பீஸ் கணக்கு. முதலில் தெருவில் இரண்டு பெண்களுக்குக் கற்றுக்கொடு. நீ தைத்தது எது, அவர்கள் தைத்தது எது என்று உனக்கே தெரியாமல் போகிற நாளில் மூன்றாவது மெஷினைப் பற்றி யோசி.

4. கண்ணுக்குப் பொத்தான் வைக்காதே, நூலால் தைத்துவிடு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. பதிவு செய்துகொள். ஆனால் விலக்கு சட்டத்துக்குத்தான், பிள்ளையின் தொண்டைக்கு அல்ல.

5. கூலியைச் சனிக்கிழமையே கொடு. கடைக்காரர் பணம் தரவில்லை என்பது உன் கவலை; தைத்தவள் தலையில் அதை ஏற்றாதே. சிட்கோவில் நன்றாக ஓடிய கம்பெனிகள் சில, ஆர்டர் இல்லாமல் மூடவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை இழந்து மூடின.

6. உன் யானையைப் போலவே ஒன்று பாரிமுனையில் பாதி விலைக்குத் தொங்கும். அழாதே. குரூசேயையும் பிங் என்ற பெரிய கம்பெனி காப்பியடித்தது. வழக்குப் போட்டு 1925இல் ஜெயித்தாள். நம் சட்டத்தில் வடிவத்தைப் பதிவு செய்யலாம். பத்து வருஷம் பாதுகாப்பு, இன்னும் ஐந்து நீட்டிக்கலாம். ஆனால் ஊருக்குக் காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்த யானையை ஊரே பார்த்தாயிற்று. அடுத்து என்ன தைக்கப் போகிறாயோ, அதை ஸ்டேட்டஸில் போடாமல் முதலில் என்னிடம் காட்டு.

என் பழைய ஓவர்லாக் மெஷின் இங்கே சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டாடா ஏஸ் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை வரச் சொல். பெல்ட் மட்டும் புதுசாக மாற்ற வேண்டியிருக்கும்.