அடிபட்ட அன்று எழுதிய தாள்

பட்டாளத்தில் நான் கிளார்க். ஊர் திரும்பி, நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் குடியேறிய பிறகும் பழைய ஆட்கள் 'பாபுஜி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழுப்பு உறையை நீட்டி, "டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு லெட்டர் வந்திருக்கு பாபுஜி, ஒரு மனு எழுதித் தாங்க" என்பார்கள். கை, மணிக்கட்டு கேஸ்கள்தான் இருப்பதிலேயே இழுபறியானவை. காலை இழந்தவரைப் பார்த்ததும் மெடிக்கல் போர்டுக்குப் புரிந்துவிடும். மணிக்கட்டு போனவர் நிமிர்ந்து நடந்து வருவார், சல்யூட்கூட அடிப்பார்; சட்டைப் பொத்தான் போடத்தான் வீட்டில் ஆள் வேண்டும்.

வருகிறவர்களில் பலர் வலியைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மூன்று தாள் கேட்பேன்: படையில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, அடிபட்டபோது யூனிட்டில் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவத்தில் போட்ட காய அறிக்கை, வெளியே வரும்போது உட்கார்ந்த மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை. கையில் இல்லாவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நகல் வாங்கலாம். மேல்முறையீட்டுக் கெடு நெருங்கிவிட்டால் மனுவை முதலில் போட்டுவிட்டு, தாள் வந்ததும் கூடுதல் மனு கொடுக்கலாம்.

காய அறிக்கையை நான் இவ்வளவு தேடுவதற்குக் காரணம் மணிக்கட்டின் உள்ளே இருக்கிற ஒரு சின்ன எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருக்கும் அதை மருத்துவர்கள் ஸ்கேஃபாய்டு என்பார்கள். வண்டியிலிருந்து குதிக்கும்போதோ வாலிபால் ஆடும்போதோ கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் உடைவது பெரும்பாலும் அதுதான். முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியலாம். 'சுளுக்கு' என்று எழுதி, கட்டுப் போட்டு, டியூட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் சேராமலே நிற்கலாம். அப்படி நின்றால் ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானமாக வெளியே வரும். ஓய்வு பெறும்போது போர்டு தேய்மானத்தை மட்டும் பார்த்து, பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று எழுதிவிடும். அப்போது அன்றைக்கு யூனிட்டின் எம்.ஐ. ரூமில் (மருத்துவப் பரிசோதனை அறையில்) எழுதிய அந்த 'சுளுக்கு' என்ற ஒரு சொல்தான் நம் பிடி. யூனிட் அனுமதியோடு நடந்த ஆட்டமும் விதிப்படி டியூட்டிதான். விளையாட்டில் விழுந்தவர் வெட்கப்பட்டு அதை மறைக்க வேண்டியதில்லை.

லீவில் அடிபட்டால் கதை வேறு. பிரம்மோற்சவத்துக்கு வந்து, தேர் வடம் பிடித்து விரல் நசுங்கினவருக்கு நான் வீண் நம்பிக்கை கொடுப்பதில்லை. லீவில் சகோதரி வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டில் விழுந்த ஒரு வீரருக்கு, பணியோடு தொடர்பில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நெசவுக் குடும்பத்திலிருந்து போனவர் ஒருவர். விரல்கள் மரத்துப்போகும், ராத்திரி தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு எழுவார். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிற நோய். பட்டாளத்துக்கு முன்னால் என்ன வேலை என்று போர்டில் கேட்டதற்கு, சின்ன வயசிலேயே குழித்தறியில் உட்கார்ந்து நாடா தள்ளியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தறியால் வந்த நோய் என்று நிராகரித்துவிட்டார்கள். இங்கேதான் சேரும்போது எழுதிய தாள் கைகொடுத்தது. அதில் கையைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது குறை என்று எதுவும் பதிவாகாதவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார்; நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது; போர்டு காரணம் எழுத வேண்டும். தரம்வீர் சிங் சிக்னல்ஸ் படைக்காரர், வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டவர். நோய் எதுவானாலும் வாதம் பொருந்தும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். வெளியே வந்த தேதியைப் பொறுத்து 1982, 2008, 2023 விதிகளில் எது உங்களுக்கு என்று முதலில் பாருங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வந்தவர்களுக்குப் புதிய விதி.

அடுத்தது சதவீதம். பணிக்காலம் முடிந்து வருபவருக்கு 20-க்குக் கீழே போனால் பென்ஷனில் ஊனக் கூறு கிடையாது என்பதால் 15-க்கும் 20-க்கும் நடுவில்தான் கை கேஸ்கள் தவிக்கும். "வலிக்குது சார்" என்றால் எந்த டாக்டரும் எண் போட மாட்டார். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி வலு எத்தனை கிலோ, வலக்கையா இடக்கையா, நரம்புப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று அளந்து பதியச் சொல்லிக் கேளுங்கள். மனுவிலும் செயலைச் சொல்லுங்கள்: ரைபிளைக் காக் செய்ய முடியவில்லை, தறிப் பலகையை இழுத்து அடிக்க முடியவில்லை. தறியில் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் உள்ளபடியே எழுதுங்கள். நெய்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்; மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் வாங்கிய மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி 40 சதவீதம் இருக்கிறதே என்று வாதாடுவதில் பயனில்லை. அது வேறு கணக்கு. துணைச் சான்றாக இணைக்கலாம், அவ்வளவே. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் அப்படித்தான். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள், கடிதத்தை அனுப்பிவைப்பார்கள். முடிவு செய்யும் அதிகாரம் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நாமே நின்று பேசவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கை கேஸில் மருத்துவத் தாள்கள் அதிகம் என்பதால் வக்கீல் வைப்பதே நல்லது என்பேன். பல வருஷம் கழித்துப் போனாலும் கதவு மூடாது. ஆனால் தர்செம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புப்படி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும்.

ஜெயித்து ஆணை வந்ததும் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் புதிய பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதிய ஆணையை, திறந்து பாருங்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 20 என்றால் 6 சதவீதம். விதிப்படி அந்த 20-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால் 15 சதவீதம். பணிக்காலம் முடிந்து வந்தவருக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பாகிவிட்டது. அப்படியிருந்தும், முன்னே சொன்ன அந்தத் தறிக்காரருக்கு வந்த முதல் பி.பி.ஓ.வில் 20 என்றே இருந்தது. தீர்ப்பு நகலை இணைத்து இன்னொரு கடிதம் எழுதினோம், திருத்திய பி.பி.ஓ. வந்தது.