மையத்துக்கு மையம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிச்சட்டத்தின் மீது இருவர் அமரத்தக்க சிறு கார் ஒன்றை என் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்னும் ஆசையுடன், கோயமுத்தூரில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக மாற்றிக்கொண்ட நாளில், அந்தக் காரியத்தின் ஜீவநாடி எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் அந்த ஒரு சாண் இடத்திலேதான் இருக்கிறது என்பதை நான் உணரவில்லை. சென்னையில் தயாரான ஹெரால்டின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டாலும் அதன் அடிச்சட்டம் தனியே நிற்கும். சொந்தமாகக் கார் கட்ட விரும்புகிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் எனக்குக் கிடைத்த வண்டியின் 948 சி.சி. எஞ்சின் தேய்ந்து போயிருந்தபடியால், ஃபியட் 1100 வண்டியின் 1,089 சி.சி. எஞ்சினைத் தேடி வாங்கினேன். அதனுடைய கியர் பெட்டியையே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதன் கியர் லீவர் ஸ்டீயரிங் கம்பத்தில் இருந்தது. ஹெரால்டின் லீவரோ பெட்டியின் தலைமேலேயே, ஓட்டுபவர் கைக்கு எட்டுமாறு, தரையிலிருந்து எழுந்து நின்றது. சட்டத்தில் அதற்குரிய தாங்கிகளும் முன்பே இருந்தன.

இரண்டு கம்பெனிகளின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமை இயல்பு. ஆகவே நடுவில் ஒரு தகடு வேண்டும். எஞ்சின் முதுகின் துளைகளையும், கியர் பெட்டியின் முன்னே கிளட்ச்சை மூடி நிற்கும் பெல் ஹவுசிங்கின் துளைகளையும் அட்டையில் பதித்தெடுத்து, அவற்றை 12 மி.மீ. இரும்புத் தகட்டில் துளையிட்டு, இரண்டையும் முடுக்கினேன். கடைசி விரற்கடை இடைவெளி கையால் தள்ளியும் மூடவில்லை. போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி இழுத்து மூடினேன். அந்த இரண்டு நிமிஷ அவசரத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு மாதம்.

வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் கிளட்ச்சை முழுவதும் மிதித்தாலும் முதல் கியர் உறுமிக்கொண்டே விழும். மேட்டில் ஆக்ஸிலரேட்டர் மிதியை விட்டுப் பிடித்தால் நாலாவது கியர் தானாகவே நழுவிவிடும். பிரித்துப் பார்த்தபோது, கிராங்க் முனையில் கியர் பெட்டியின் தண்டைத் தாங்கும் பைலட் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. கிளட்ச் பிளேட்டின் நடுக்குடத்தில் ரிவெட்டுகள் ஆட்டம் கண்டிருந்தன.

எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் அந்தத் தகட்டை எடுத்துச் சென்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஓட்டைக்கு ஓட்டை சேந்தாப் போதுமுங்களா தம்பி? மையத்துக்கு மையம் சேர வேண்டாமுங்களா?" இந்த விஷயத்தில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியின் விரிவுரைதான். போல்ட் துளைகள் பிடித்து வைப்பதற்கு மட்டுமே. கிராங்கின் அச்சும் கியர் தண்டின் அச்சும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதை அவை ஒருபோதும் சொல்லமாட்டா.

அதைச் சொல்லும் கருவி டயல் கேஜ். கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, பெல் ஹவுசிங்கை மட்டும் தகட்டோடு எஞ்சினில் பூட்டி, கேஜைப் பிளைவீலில் நிறுத்தி, அதன் முள்ளை ஹவுசிங்கில் கியர் பெட்டி வந்து அமரும் வட்டத் துளையின் உட்சுவரில் தொடச் செய்து, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் நிதானமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். என் தகட்டில் முள் 0.9 மி.மீ. ஆடிற்று. காட்டும் அளவில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை மறக்கலாகாது. அதாவது மையம் 0.45 மி.மீ. தள்ளியிருந்தது. மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் பிரமாணம். புதிய தகட்டில் துளைகளைச் சற்றே பெரிதாக்கி, போல்ட்டுகளை அரைப்பிடியாக விட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஹவுசிங்கை நகர்த்தி, முள் 0.1க்குள் அடங்கியதும் இறுக்கி, மறுபடி அளந்து, பிறகே, அதை இடம் மாறாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களுக்குத் துளையிட்டோம். ஒரு பகல் முழுவதும் இதற்கே சென்றது. ஹவுசிங்கின் முகம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அதே கேஜால் பார்த்துவிட வேண்டும். அப்போது கிராங்க் முன்பின் நகராதபடி ஒரே பக்கம் அழுத்திப் பிடிப்பது அவசியம். தகட்டில் ஒட்டியிருக்கும் ஒரு பெயின்ட் துணுக்கே கணக்கைக் கெடுத்துவிடும்.

தகட்டின் கனம் கியர் பெட்டியைப் பின்னே தள்ளுவதால், தண்டின் மூக்கு பைலட் புஷ்ஷுக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. பாஸ்பர் வெண்கலத்தில் பின்னே நீண்ட புஷ் ஒன்றைக் கடைந்து போட்டோம். ரிலீஸ் பேரிங்கும் அதே அளவு பின்வாங்கியிருந்ததால், அதைத் தாங்கும் குடத்துக்கு ஒரு வளையம் கொடுத்தோம். கிளட்ச் பிளேட் விஷயத்தில் விதி எளிது: பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் எஞ்சினுடையவை, ஆகவே பிளேட்டின் விட்டம் எஞ்சினைச் சார்ந்தது, நடுக்குடத்தின் பற்கள் கியர் தண்டைச் சார்ந்தவை. இரண்டையும் ஒன்றாக ரிவெட் அடித்துத் தரும் பட்டறைகள் எங்கள் ஊரில் உண்டு.

விகிதக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. சக்கரம் ஒரு சுற்றில் 1.8 மீட்டர் ஓடி, பின்னச்சின் விகிதம் 4.5 ஆக இருந்தால், நேர் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும். 80க்கு ஏறத்தாழ 3,300. இது பொறுக்கத்தக்கதா என்பதைப் பெட்டியை வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை பூட்டியபோது, பெரியவரும் உடன் இருந்தார். கியர் பெட்டியை இருவரும் மார்போடு அணைத்துத் தூக்கி, தண்டின் பற்கள் கிளட்ச்சின் பற்களில் விழும்வரை பின்முனையை மெல்லத் திருப்பினோம். ஒரு சிறிய சத்தத்துடன் அது தானாகவே உள்ளே சென்று ஹவுசிங்கின் முகத்தோடு அமர்ந்தது. போல்ட்டுகள் இன்னும் டப்பாவிலேயே இருந்தன.