கையால் பாலிஷ், கையால் வாக்ஸ்

கார் மங்கினால் பலரும் முதலில் வாங்குவது வாக்ஸ் டப்பா. ஆனால் மங்கலைப் போக்கும் வேலை பாலிஷுடையது. பாலிஷில் மிக நுண்ணிய அரைப்புத் துகள்கள் இருக்கின்றன. அவை பெயின்ட்டின் மேற்பரப்பைத் துளித்துளியாகத் தேய்த்துச் சமப்படுத்துகின்றன. வாக்ஸ் எதையும் தேய்க்காது. சமமான பரப்பின் மேல் படலமாகப் படிந்து, மழைத் தண்ணீரும் பறவை எச்சமும் பெயின்ட்டில் நேரடியாகப் படாமல் காக்கும். அதனால் பாலிஷ் முதலில், வாக்ஸ் பிறகு. மாற்றிச் செய்தால், போட்ட வாக்ஸைப் பாலிஷே வழித்துக்கொண்டு போய்விடும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது, எடுத்தது திரும்ப வராது. ஆகவே பாலிஷை வருடத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்துங்கள். வாக்ஸை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாராளமாகப் போடலாம். மேட் பெயின்ட் வண்டிக்கு இரண்டுமே கூடாது. டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், அடித்தவர் சொல்லும் நாள்வரை வாக்ஸ் போடாமல் பொறுங்கள்; பெயின்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேற வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இந்த வேலைக்கு ஏற்றது அதிகாலை. இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியாக இருக்கட்டும். பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். சூட்டில் பாலிஷ் தேய்க்கும் முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மரத்தடியும் வேண்டாம், பிசினும் பூவும் கொட்டிக்கொண்டே இருக்கும்.

முதலில் கழுவுங்கள். இரண்டு பக்கெட் வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைக்கும்போது துணியில் ஏறிய மணல்தான் பெயின்ட்டைக் கீறுகிறது. வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் வட்டக் கீறல்களில் பெரும்பகுதி அப்படி வந்தவை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு உடனே ஈரத்தை ஒத்தி எடுங்கள். ஏற்கெனவே படிந்த உப்புத் திட்டுக்கு, சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாக அலசிவிடுங்கள்.

காய்ந்த பிறகு கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டுப் பெயின்ட் மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். தெரிந்தால் க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால், ஷாம்புத் தண்ணீர் வழுக்கலோடு, அழுத்தாமல் தேய்த்து எடுங்கள். க்ளே தரையில் விழுந்துவிட்டால் அதை வண்டியில் திரும்ப வைக்காதீர்கள். பிறகு கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அவற்றில் வெள்ளையாகக் காய்ந்த வாக்ஸ் லேசில் போகாது.

பாலிஷுக்கு வட்டமான ஃபோம் பேட் போதும். அதில் நாலைந்து பொட்டு வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, முதலில் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காக, மிதமான அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே அழுத்தவே கூடாது. பாலிஷ் வெண்மை குறைந்து மெல்லிய படலமாகும்போது, காயவிடாமல் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தை ஓட்டினால் தட்டும் கீறல் கைப் பாலிஷில் போகாது. அதை விட்டுவிடுங்கள், போராடினால் கிளியர் கோட்தான் கரையும். பழைய அம்பாசடர் போல கிளியர் கோட் இல்லாத வண்டியில் துணியில் வண்டியின் நிறமே ஏறும். அது இயல்பு, கையை மட்டும் இன்னும் இலேசாக்கிக்கொள்ளுங்கள்.

வண்டி முழுக்கப் பாலிஷ் முடிந்து துடைத்த பிறகு வாக்ஸ். நல்ல பேஸ்ட் வாக்ஸ்களில் இருக்கும் கார்னாபா மெழுகு, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து வருவது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும்; அவ்வளவு கடினம். தடவ வருவதற்காகவே அதோடு கரைப்பானும் எண்ணெயும் சேர்க்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகி, மெழுகு வெள்ளைப் புகைபோல் பூக்கிறது. கனமாக அப்பினால் அடியில் இருப்பது காயாது, பலனும் கூடாது. பெயின்ட் நிறம் பூச்சினூடே தெரியும் அளவுக்கு மெலிதாகத் தடவுங்கள்.

எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஓர் ஓரத்தில் விரலை இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் பளிச்சென்று சுத்தமாக இருந்தால் எடுக்கலாம். ஈஷினால் இன்னும் பொறுக்க வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் டப்பாவில் போட்ட நேரத்தைவிட அதிகம் ஆகும், டப்பாவை நம்பாமல் விரலை நம்புங்கள். மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தில் வாக்ஸ் ஏறியதும் அடுத்ததைத் திருப்புங்கள். ஏறிய முகத்தாலேயே துடைத்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறீர்கள். முதல் துணியால் படலத்தை எடுத்து, சுத்தமான இரண்டாவது துணியால் எடையே போடாமல் மெருகேற்றுங்கள். எங்காவது இறுகிப்போய் வரவில்லையா? அழுத்தாதீர்கள். அதன் மேலேயே கொஞ்சம் புது வாக்ஸைத் தடவி உடனே துடையுங்கள். புதிய கரைப்பான் பழையதை இளக்கிக் கொடுக்கும்.

சில மணி நேரம் கழித்து, சாய்ந்த வெளிச்சத்தில் எண்ணெய்க் கோடுகள் தெரிந்தால் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் உறிஞ்சும் திறனை இழக்கும். அடுத்த பூச்சு எப்போது என்று அறிய, கூரையிலும் பானெட்டிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெயில் நேராக விழுவதால் வாக்ஸ் முதலில் போவது அங்கேதான். தண்ணீர் திரண்டு உருளாமல் படர ஆரம்பித்தால் மறுபடி போடலாம்.