மாடி அறைக் கதை இன்னொரு தடவை வேண்டாம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கண்ணா,

தீபாவளிக்கு நீ போனை எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஒற்றை வரி மெசேஜ். பையன் பிஸி என்கிறாள் உங்கம்மா. அத்தை நம்பவில்லை. லே-ஆஃப் ஆவதற்கு முன்பிருந்தே உனக்குத் தூக்கம் இல்லையாம். உன் சித்தி பெண் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அதட்டுவதற்காக எழுதிய கடிதம் இல்லை இது. தெரபிஸ்டிடம் போவதும் போகாததும் உன் இஷ்டம். தனக்குத் தெரிந்ததை அத்தை சொல்லிவிடுகிறாள், அவ்வளவுதான்.

வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதானே உன் தயக்கம்? 1991ல் இல்லினாய் மாநிலத்தில் மேரி லூ ரெட்மண்ட் என்ற போலீஸ்காரர் பணியின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். பிறகு ஏறத்தாழ ஐம்பது முறை கவுன்சலிங் போனார். இறந்தவர் குடும்பம் வழக்குப் போட்டது. அந்த அறையில் பேசியதன் குறிப்புகளைக் கொடு என்றார் நீதிபதி. ரெட்மண்டும் கவுன்சிலரும் மறுத்துவிட்டார்கள். 1996ல் சுப்ரீம் கோர்ட், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், அவர்கள் பக்கமே நின்றது.

விதிவிலக்கு உண்டு, அதையும் கேட்டுக்கொள். உன் ஊருக்குப் பக்கத்தில், பெர்க்லியில், இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக அங்கிருந்த மனநல நிபுணரிடம் சொன்னார். அந்த நிபுணர் வளாகப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். பெண்ணின் வீட்டுக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை. 1969ல் அந்தப் பெண், தாத்தியானா தாராசாஃப், கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க முயல்வது தெரபிஸ்டின் கடமை என்று 1976ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் வாய் திறப்பார்கள். வேலை போன அவமானம், கிரீன் கார்டு கவலை, அப்பாமேல் இருக்கிற கோபம் எல்லாம் அந்த அறையோடு சரி.

அப்பா பேச்சு வந்துவிட்டதால் சொல்லியே ஆகவேண்டும். மாடி அறையில் பெரியப்பா இருந்த வருஷங்களை ‘உடம்பு சரியில்லை’ என்றே ஊருக்குச் சொன்னோம். குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்தார்கள். கோயிலைக் குறை சொல்ல அத்தைக்கு வாய் வராது. ஆனால் மெட்ராஸுக்கும் கூட்டிப் போகலாமே என்று கேட்டபோது உங்கப்பா என்ன சொன்னார்? “தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும்ல.” அத்தை கேட்டாளா அப்படி ஒரு கல்யாணம்? மெட்ராஸில் அப்போது ஆள் இல்லாமல் இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1961லேயே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1984ல் மனநோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வை ஆரம்பித்தார், முன்பின் தெரியாதவர் சொல்லும் துயரத்தைத் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். இதெல்லாம் அமெரிக்க ஃபேஷன் என்று உங்கப்பா சொன்னால் இந்த வருஷங்களைச் சொல்.

பெரியப்பாவுக்கு வந்தது வேறு, உனக்கு இருப்பது வேறு. அது அத்தைக்கும் தெரியும். மூடி வைக்கிற பழக்கம்தான் ஒன்று.

சும்மா பேசினால் என்ன ஆகும் என்று கேட்பாய். இங்கே பக்கத்தில் பிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற டாக்டர் இருந்தார். 2021ல், நூறு வயதில் காலமானார். ஃபிராய்டு வழியில் பயின்றவர். ஒரு பெண் அவரிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டே, டாக்டருக்குச் சலிப்பாக இருக்குமோ என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒன்று பேச, மனம் அடியில் வேறொன்று ஓட்டுகிறது என்பதை அதில் பெக் பிடித்துக்கொண்டார். அந்த அடியோட்டத்தை வெளியே எடுத்து, இது உண்மையா, ஆதாரம் என்ன என்று நோயாளியோடு சேர்ந்து சோதிப்பதே 1960களில் அவர் உருவாக்கிய முறை. நாலு கம்பெனி வேண்டாம் என்றதும் ‘நான் உதவாக்கரை’ என்று முடிவு கட்டுகிறாயே, அதை அங்கே அப்படியே விடமாட்டார்கள். வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். தெரபிஸ்ட் பெரும்பாலும் அறிவுரை சொல்வதில்லை. அதற்குத்தான் அத்தை இருக்கிறாளே.

முதலில் வலி கொஞ்சம் கூடலாம். டல்லாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை நாலு நாள், தினம் கால் மணி நேரம், மனத்தை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது பலருக்கு மனம் இன்னும் கனத்திருந்தது. நடந்ததையும் அதில் தான் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு. அந்த ஆய்வு வெளியானது 1986ல். முதல் இரண்டு வாரத்தில் சரிப்படவில்லை என்று நீ ஓடி வரக்கூடாது என்பதற்காகச் சொல்வது இது. ஆள் பிடிக்காவிட்டால் வேறு ஆள் மாற்றிக்கொள். அவர்களுக்கு அது பழக்கம்தான். தூக்கம் திரும்பினால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள், வீட்டில் எதற்கு ‘முடியாது’ என்று சொல்லலாம் என்பதையும் கற்றுக்கொண்டு வருவதுண்டு. உங்கப்பாவிடம் சொல்ல உனக்கு நாலைந்து ‘முடியாது’ பாக்கி இருக்கிறது.

எடிசனில் அத்தைக்குத் தெரிந்தவரிடம் வீடியோவில் பேசலாம் என்று பார்த்தால், கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாநில லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டுமாம். இங்கே நியூ ஜெர்சியில் டாக்டர் வாசுதேவ் மகிஜா தொடங்கிய சம்ஹின் என்ற மனநல அமைப்பு தெற்காசியர்களுக்கானது. நம் பேச்சும் வீடும் புரிந்தவர்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதிலும் பார். வேலை போனபிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸ் கோப்ராவில் ஓடுகிறது என்றாயே, கார்டின் பின்னாலுள்ள நம்பரைக் கூப்பிட்டுக் கேள். மனநலச் சிகிச்சைக்கு மட்டும் தனிக் கெடுபிடி கூடாது என்று 2008லேயே சட்டம் வந்துவிட்டது.

ராத்திரியில் ரொம்ப முடியாமல் போனால் 988 என்ற உதவி எண்ணைக் கூப்பிடு. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க அதே நம்பர். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இதை எழுதாமல் அத்தையால் கவரை ஒட்ட முடியவில்லை.

போகப் பிடிக்கவில்லையா, போகாதே. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எந்தக் கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் மெசேஜ் போடு.

என் ராஜா, நம் வீட்டுப் பிள்ளைகளில் உன்னைப்போல் தங்கமான பிள்ளை கிடையாது. உன்மேல் ஒரு குறையும் இல்லை. மாமாவும் அதையேதான் சொல்கிறார். பருப்புப் பொடி, நார்த்தங்காய், உனக்குப் பிடித்த கைமுறுக்கு எல்லாம் பார்சல் கட்டியாயிற்று. முறுக்கு உடைந்திருந்தாலும் சாப்பிடு. இன்னும் வேண்டுமென்றால் அத்தையே ஃபிளைட் ஏறி வந்து சுட்டுத் தருவாள், ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
உன் அத்தை