புழுங்கலரிசியை ஏன் கைவிட்டோம்?

கொல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், புழுங்கலரிசி இட்லி மாவுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சாதத்திற்கு மல்லிகைப் பூப்போல வெளுக்கத் தீட்டிய பச்சரிசிதான். புழுங்கலில் வாடை அடிக்கிறதென்று குழந்தைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். ஆகவே, அரிசியைத் தீட்டும்போது எதை இழக்கிறோம் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

100 கிலோ நெல்லில் உமி சுமார் 20 கிலோ. அதை நீக்கத்தான் வேண்டும். அதற்கு அடியில் இருக்கும் தவிடு 8 முதல் 10 கிலோ. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கிறது. தயமின் எனப்படும் பி1 வைட்டமினின் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போய்விடுகிறது.

இதன் விளைவைக் காட்டிக் கொடுத்தவை கோழிகள்! 1890களில் ஜாவாவில் பெரிபெரி நோயை ஆராய்ந்துவந்த டச்சு மருத்துவர் எய்க்மனின் கோழிகளுக்குக் கால்கள் விளங்காமல் போயின. இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். பிறகு தீட்டாத அரிசியைப் போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பாவம், சமையல்காரருக்கு ஒன்றுமில்லை.

நம் பக்கத்திலும் இது நடந்ததுதான். பழைய சென்னை மாகாணத்தில், ஆலைப் பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட பகுதிகளில் அது அரிது. குன்னூரில் பணியாற்றிய டாக்டர் மெக்காரிசன் 1920களில் இதை ஆராய்ந்தார்.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. ஆவி என்றால் எஞ்சின் என்றே நினைத்திருந்த ரயில்வேக்காரனான எனக்கு இது புதிய பாடம்.

புழுங்கலுக்காக ஊரிலிருந்து மூட்டை வரவேண்டியதில்லை. வங்காளிகளும் நம்மைப் போலத்தான்: பூஜைக்கும் பாயசத்துக்கும் 'ஆதொப்' எனும் பச்சரிசி, அன்றாடச் சோற்றுக்கு 'ஷெத்தோ' எனும் புழுங்கல். கடையில் 'ஷெத்தோ சால்' என்று கேட்டாலே போதும்.

தீட்டாத அரிசி வாங்குபவர்கள் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். தவிட்டிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சமைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஊறட்டும். எந்த அரிசியானாலும் ஐந்தாறு முறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் வைட்டமினைக் கொட்டுவதுதான். நீரிழிவு உள்ளவர்கள் கைக்குத்தல்தானே என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை அவசரம் கூடாது. எங்கள் வீட்டில் தயிர்சாதத்தில் தொடங்கினோம். ரசத்துக்குப் பேரன் இன்னும் இணங்கவில்லை.