விதி என்பது யாது?



தமிழில் ‘விதி’ என்னும் சொல் மூன்று இடங்களில் வழங்குகின்றது. பள்ளிச் சிறுவன் ‘பாயில் விதி’, ‘நியூட்டன் விதி’ என்று பௌதிக நூலில் படிக்கின்றான். அவனுடைய பாட்டி, இளம்பிள்ளை இறந்த வீட்டில் அமர்ந்து, “எல்லாம் விதி” என்று கண்ணீர் வடிக்கின்றாள். அவன் தந்தை வேலை செய்யும் ஆலையின் வாயிலிலோ, ‘தொழிலாளர்க்குரிய விதிகள்’ என்ற பலகை தொங்குகின்றது. சொல் ஒன்று, பொருள் மூன்று.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் நம் முன்னோர் பட்ட துன்பம் சிறிதன்று. “இக்குலத்திற் பிறந்தது உன் விதி, ஆதலால் இக்கிணற்றில் நீர் மொள்ளாதே” என்றனர். முன்னது தலைவிதி, பின்னது மனிதர் வகுத்த கட்டளை. ஆயினும் கதிரவன் கிழக்கே தோன்றுவதுபோல் இவையும் மாறாதவை என்று நம்பச் செய்தனர். ஆகவே இயற்கை விதி இன்னதென்று அறிவது நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று.

விதியும் கட்டளையும்

அரசின் சட்டத்தை ஒருவன் மீறலாம். மீறினால் தண்டனை உண்டு. மீறினும் சட்டம் சட்டமாகவே நிற்கும். இயற்கை விதியின் நிலை வேறு. கையை விட்ட கல் ஒருநாள் கீழே விழாமல் நின்றால், அக்கல்லை யாரும் சிறையில் அடைப்பதில்லை. கல்லைத் தாங்கிய பொருள் ஏதேனும் உண்டோ என்று விஞ்ஞானி தேடுவான். இல்லையெனில், தான் எழுதி வைத்த விதியையே திருத்துவான். குற்றவாளி கல்லன்று, ஏடே.

இதிலிருந்து எளியதோர் அளவுகோல் கிடைக்கின்றது. காவலாளி வேண்டும் விதி இயற்கை விதியன்று. நீர் பள்ளத்தை நோக்கி ஓட, தடியுடன் எவரும் நிற்க வேண்டுவதில்லை. கிணற்றங்கரையில் தடியுடன் ஒருவர் நின்றாரெனில், அங்கே நடந்தது மனிதக் கட்டளை.

‘ஆயின்’ என்னும் சொல்

இனித் தலைவிதியைப் பார்ப்போம். “என்ன செய்தாலும் இதுதான் நடக்கும்” என்பது தலைவிதி. “இன்னது இருப்பின் இன்னது நிகழும்” என்பது பௌதிக விதி. இராபர்ட் பாயில் 1662 இல் வெளியிட்ட விதியை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை மாறாதாயின், அடைபட்ட காற்றின் அழுத்தம் இருமடங்காகும்போது அதன் கன அளவு பாதியாகும். ‘வெப்பநிலை மாறாதாயின்’ என்ற நிபந்தனையை நீக்கினால் விதி பொய்த்துவிடும். மிகுந்த அழுத்தத்தில் அதன் கணக்குப் பிசகுவதும் உண்டு. வாயுவின் அணுத்திரள்களுக்கும் பருமன் உண்டு, அவை ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும் என்பதைச் சேர்த்து, 1873 இல் வான் டெர் வால்ஸ் அதனைத் திருத்தினார்.

நிபந்தனை உள்ள இடத்தில் முயற்சிக்கும் இடமுண்டு. கோபுரத்தில் இடி விழுவதைத் தெய்வ சினம் என்று பல நாட்டவரும் கருதினர். மின்னல் மின்சாரமே என்பது 1752 இல் நடந்த சோதனைகளால் தெளிவாயிற்று. பின்னர் உச்சியில் உலோகக் கம்பி நாட்டி, அதனை மண்ணுடன் இணைத்தனர்; கட்டடம் பிழைத்தது. மின்சார விதி மாறியதா? இல்லை. நிபந்தனை மாறியது, ஆதலால் விளைவு மாறியது.

தற்செயலும் விதியும்

உண்மையான பொதுக்கூற்று யாவும் விதியாகுமோ? யான் நூற்பாலையில் உழைத்த காலத்தில் எங்கள் பிரிவிலிருந்த பாபின்கள் யாவும் மரத்தால் ஆனவை. “இங்குள்ள பாபின்கள் யாவும் மரமே” என்பது உண்மை. ஆயினும் தகரப் பாபின் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் அது மரமாகிவிடுமோ? ஆகாது. அது தற்செயல் உண்மை.

“காற்று வறண்டால் பருத்தி இழை மிகுதியாக அறும்” என்பதும் எங்களுக்குத் தெரிந்த உண்மையே. ஈரம் பெற்ற பருத்தி நார் வலுப்பெறும். அதனாலேயே நூற்புக் கூடங்களில் நீர்த்திவலை தெளித்துக் காற்றை ஈரமாக வைப்பர். இவ்வுண்மை எங்கள் கூடத்தோடு நிற்பதன்று. நாளை புதிதாய் எழும் ஆலையில் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லும். ‘இப்படி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்’ என்று காணாததைப் பற்றியும் பேச வல்லதே விதி. “இதுவரை இக்குலத்தார் கற்றதில்லை, ஆதலால் இவர்களுக்குக் கல்வி வராது” என்றவர்கள் பாபின் உண்மையை விதியாகக் கொண்டவர்கள். கதவு திறந்ததும் அது பொய்யாயிற்று.

இரு கிரகங்கள் கற்பித்த பாடம்

நியூட்டன் 1687 இல் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். 1781 இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் என்னும் கிரகம் அக்கணக்கின்படி செல்லவில்லை. விதி பிழையோ? காணாத வேறொரு கிரகம் அதனை இழுக்கின்றது என்று பிரெஞ்சு அறிஞர் லெவரியே கணித்தார். அவர் காட்டிய இடத்திற்கு ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில், 1846 செப்டம்பர் 23 அன்று, பெர்லினில் நெப்டியூன் காணப்பட்டது. விதி வென்றது.

அடுத்துப் புதன் கிரகம் பிசகிற்று. அதன் பாதையின் சூரியனுக்கு அண்மைப் புள்ளி, கணக்கிற்கு மேல் நூற்றாண்டிற்குச் சுமார் 43 விகலை நகர்ந்தது. ஒரு பாகைக்கு 3600 விகலை. எனவே இது மிகச் சிறிய பிழை. லெவரியே 1859 இல் இதனை வெளியிட்டு, மீண்டும் காணாத பொருள் ஒன்று உண்டென்றார். அதற்கு ‘வல்கன்’ என்று பெயரும் இட்டனர். பல்லாண்டு தேடியும் அது அகப்படவில்லை. 1915 இல் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கொள்கையால் அந்த 43 விகலையைச் சரியாக விளக்கினார். இம்முறை விதியே திருத்தம் பெற்றது.

ஒரே அறிஞர், ஒரே முறை; ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. இரண்டினையும் தீர்த்தது ஆராய்ச்சியே; ஒருவருடைய பெருமையன்று. இன்றும் இத்தகைய வழக்கொன்று முடியாதிருக்கின்றது. பால்வெளித் திரள்களின் புறத்தே உள்ள விண்மீன்கள் கணக்கிற்கு மிஞ்சிய வேகத்தில் சுழல்வதை, 1970 முதல் வீரா ரூபின் முதலியோர் அளந்து காட்டினர். காணாத பொருள் மிகுதியாக உண்டு என்பர் பெரும்பாலோர். ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்பர் சிலர். இது நெப்டியூனோ, புதனோ என்று இன்னும் முடிவாகவில்லை.

விதித்தவர் உண்டோ?

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர், விதியுண்டாயின் விதித்தவனும் உண்டு என்று எண்ணினர். தெக்கார்த்து 1644 இல் தம் இயக்க விதிகளை இறைவனின் மாறாமையிலிருந்தே வருவித்தார். 1748 இல் டேவிட் ஹியூம் எழுப்பிய வினா இதனை அசைத்தது. தீயைத் தொடர்ந்து வெப்பம் வருவதைக் காண்கின்றோம். இரண்டையும் பிணைக்கும் கட்டாயத்தைக் கண்டதுண்டோ என்று அவர் கேட்டார்.

இன்றைய தத்துவ அறிஞரும் இதில் ஒருமனப்படவில்லை. உலக நிகழ்ச்சிகளை மிகச் சுருக்கமாகவும் மிக நிறைவாகவும் தொகுத்துரைப்பவையே விதிகள் என்றார் டேவிட் லூயிஸ். பண்புகளிடையே உண்மையான கட்டாயப் பிணைப்பு உண்டு என்றார் ஆம்ஸ்ட்ராங், 1983 இல். அடிப்படை விதிகள் நாம் அமைத்த மாதிரிகளிலேதான் முழுதும் பொருந்துவன என்றார் நான்சி கார்ட்ரைட், அதே ஆண்டில். ஆனால் இம்மூவர் கருத்திலும், விதி இயங்க வெளியே ஒரு மன்னன் அமர்ந்து ஆணையிட வேண்டுவதில்லை.

நம் சங்கத்தார்க்கு ஒரு சொல்

இருப்பதைச் சார்ந்து ஒன்று தோன்றும், அது நீங்கின் இதுவும் நீங்கும் என்பது நாம் கற்ற சார்பின் தோற்றம். பௌதிக விதியின் வடிவும் இதனோடு ஒத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆயினும் ஓர் எச்சரிக்கை. “நியூட்டனும் ஐன்ஸ்டைனும் கூறியதைப் பகவர் முன்னமே கூறிவிட்டார்” என்று மேடையில் முழங்காதீர். அவர் ஆராய்ந்தது துக்கத்தின் காரணத்தை, கிரகத்தின் பாதையையன்று. பிறர் உழைத்துக் கண்டதை நமதென்று கொள்வது, கொடாததைக் கொள்வதாகும். வடிவில் ஒப்புமை உண்டென்று சொல்வோம், அதற்குமேல் சொல்லோம்.

இனி எவரேனும் “இது விதி” என்றுரைத்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனைக் காக்கத் தடி வேண்டுமோ? இதன் நிபந்தனை யாது? இதற்கு மாறான சான்று வந்தால் திருத்திக்கொள்ள ஒப்புவீரோ? இம்மூன்றிற்கும் விடை கூறாதது எந்த ஏட்டில் எழுதியிருப்பினும், இயற்கையின் விதியென்று அதற்குத் தலைவணங்க வேண்டுவதில்லை.

பாட்டியின் கண்ணீரை இகழ வேண்டா. அவளருகே அமர்ந்து, அக்குழந்தை எந்தக் காரணத்தால் இறந்தது என்று கேளுங்கள். அடுத்த குழந்தையைக் காக்கும் வழி அந்த வினாவில் இருக்கின்றது.